கிரீஸ் வைத்த பெட்டி

ஏலப்பாறையைத் தாண்டி எஸ்டேட் தொழிலாளர் லயத்தின் முன்னால் ஆம்னி வேனை நிறுத்துவதற்குள் மோகனசுந்தரம் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒழுங்கு செய்து முடித்திருந்தான். உள்ளே போவது, பெட்டியைத் தூக்குவது, டீ கொடுத்தால் நின்றபடியே குடிப்பது, கிளம்பிவிடுவது. அரை மணி நேரம் போதும். சாயங்காலத்துக்குள் கொச்சி.

வேனின் பின்னால் கம்பளியில் சுற்றி ஒரு ஸ்பீக்கர் பெட்டி கிடந்தது. இடுப்பு உயரம், இங்கிலாந்தில் செய்தது, ஐம்பது வருஷப் பழசு. அதன் ஜோடி இந்த லயத்து வீட்டுக்குள் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் கொச்சி ஜோஜோ இன்றைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். ஒன்றை மட்டும் யாரும் வாங்கமாட்டார்கள். ஒற்றைச் செருப்பை யார் வாங்குவார்கள்?

பழைய ஸ்பீக்கர்களைத் தேடி வாங்கி, சரிசெய்து, விற்பதுதான் மோகனின் பிழைப்பு. பெருமாட்டியில் அப்பாவின் தென்னந்தோப்பை அண்ணன் பார்த்துக்கொண்டார். இயற்பியல் படித்த தம்பி, தேங்காய் போட்டுவைக்கும் அறையில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டான். பொள்ளாச்சிக் கல்லூரியில் கூடப் படித்த சித்ராவை, வீட்டில் முகம் சுளித்ததைக் கண்டுகொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டான். எஸ்டேட் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த கருத்தப்பாண்டியின் ஒரே மகள். மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டபோது இந்த ஜோடியை இருவரும் சேர்ந்துதான் எடுத்தார்கள். பாதி அவள் சம்பளம், பாதி இவன் சேமிப்பு. அதை மட்டும் விற்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு டெங்கு வந்தது. ஒன்பது நாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்ராவின் நகை, பீரோ, தையல் மெஷின் எல்லாம் கூடத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. பிள்ளை இல்லாமல் போனவளின் பொருள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். மோகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கருத்தப்பாண்டி இரண்டு பெட்டிகளையும் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். பாதி அவளுடையது என்றான். அப்படியென்றால் ஆளுக்கு ஒன்று என்று பெரியவர்கள் யாரோ தீர்ப்புச் சொன்னார்கள். அது ஜோடி, பிரித்தால் இரண்டுமே வீண் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெட்டி ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டது.

மிச்சம் இருந்த பெட்டி அவனைப் பாடாய்ப்படுத்தியது. கூடத்திலிருந்து அறைக்கு மாற்றினான், அறையிலிருந்து கூடத்துக்கு. கம்பளி போட்டு மூடினான். மூடியபின் ஆள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவனால் எங்கேயும் ஒரு நாள் முழுக்க இருக்க முடியவில்லை. ஊட்டியில் ஒரு பெட்டி இருக்கிறது என்றால் உடனே வண்டி எடுத்தான், மதுரையில் என்றால் அங்கே. வீட்டைவிட வேனுக்குள்தான் அதிகம் இருந்தான்.

வேலையும் கெட்டது. ஸ்பீக்கரில் ஓசை எழுப்புவது கூம்பு வடிவத் தாள். அதன் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையம் காலப்போக்கில் மக்கி உதிர்ந்துவிடும். புது வளையம் ஒட்டும்போது, நடுவில் காந்தத்துக்குள் ஆடும் செம்புக் கம்பிச்சுருள் இம்மிகூட விலகாமல் நிற்க வேண்டும். அதற்காகச் சுற்றிலும் மெல்லிய பட்டிகளைச் செருகி வைத்து, பசை இறுகும் வரை ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள்தான் மோகனால் முடியவில்லை. ஆறு மணி நேரத்தில் பட்டிகளை உருவினான். போன வருஷம் மூன்று பெட்டிகள் கரகரவென்று உரசிக்கொண்டு திரும்பி வந்தன. "மோகனே, உனக்கு எங்கயோ டிரெயின் பிடிக்கணுமா?" என்று ஜோஜோ கேட்டான்.

சித்ராவின் அம்மா அழகுத்தாய் வாசலில் வந்து நின்றாள். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களைச் சேலையில் துடைத்தாள்.

"வாங்க மாப்ள. மெலிஞ்சு போனீக."

"இல்லீங்க அத்தை. அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"தெரியும்." அவள் திரும்பி உள்ளே பார்த்துச் சொன்னாள். "ஏங்க, மாப்ள வந்துட்டாக. நான் சொன்னேன்ல."

"என்னங்க சொன்னீங்க?"

"ஜோடியில ஒண்ணு நம்மகிட்ட இருந்தா மாப்ள ஒரு நாளைக்கு வந்துதான ஆகணும்னு. அதுக்குத்தான் அன்னைக்கு வாயத் தொறக்காம தூக்கிட்டு வந்தது. பாட்டுக் கேக்கவா இங்க உக்காந்திருக்கோம்." ஒரு பெருமூச்சு விட்டாள். "ரெண்டு வருசம் ஆயிருச்சு. மெதுவாத்தான் வேலை செஞ்சிருக்கு."

மோகன் அவளைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினான்.

பெட்டி டிவிக்குப் பக்கத்தில் நின்றது. மேலே சித்ராவின் படம், ஒரு முழம் மல்லிகை. கருத்தப்பாண்டி கட்டிலை விட்டு எழுந்து, அவனுக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"மொதல்ல டீயக் குடிங்க மாப்ள."

"குடிக்கறனுங்க. பெட்டிய ஒரு தடவ பாத்துக்கறேன்."

"பாக்க என்ன இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"அவுக வேர்க்கிறதப் பாருங்க" என்றாள் அழகுத்தாய் மோகனிடம். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "சொல்லிருங்க. மாப்ள ஒண்ணும் எஸ்டேட் மேனேஜர் இல்ல."

மோகன் முன்பக்கத் துணியைக் கழற்றினான். ஃபோம் இருந்த இடத்தில் சைக்கிள் டியூப் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். அது அவனுக்கு ஆச்சரியமில்லை. ஆனால் கூம்பின் நடுவில் இருக்கும் மூடி கோணலாக உட்கார்ந்திருந்தது. இரண்டு விரலால் தாளை அழுத்தினான். அது சேற்றில் கால் வைத்தது போல மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது.

"மாமா, மூடிய எடுத்தீங்களா?"

கருத்தப்பாண்டி தொண்டையைச் செருமினார். "மொத மழையிலயே அந்த ஃபோமு புட்டு மாதிரி உதிர்ந்து போச்சு. அப்புறம் உள்ள கரகரன்னு சத்தம். காஞ்ச பேரிங் எப்படிக் கத்தும், அதே மாதிரி. முப்பத்தெட்டு வருசம் ரோலர் மெசின் பாத்தவன் நான். அசையுற எடம் காஞ்சா என்ன செய்வோம்?"

"என்ன செஞ்சீங்க?"

"மூடிய எடுத்துட்டு உள்ள கிரீஸ் வச்சேன்."

மோகன் அவரையே பார்த்தான். இத்தனை வருஷத் தொழிலில் எலி கூடு கட்டிய ஸ்பீக்கர் பார்த்திருக்கிறான், கரையான் தின்றது பார்த்திருக்கிறான். கிரீஸ் வைத்த ஸ்பீக்கரைப் பார்த்ததில்லை.

"நல்ல கிரீஸுதான்" என்றார் கருத்தப்பாண்டி, மெதுவாக.

மோகனின் மூக்கு வழியாக ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். அவனுக்கே தெரியவில்லை.

இதை இப்படியே கொச்சிக்குக் கொண்டுபோனால் ஜோஜோ வாசலிலேயே திருப்பி அனுப்புவான். இங்கேயே சரிசெய்ய வேண்டும். வேனிலிருந்து பணிப்பெட்டியை எடுத்து வந்தான். தன்னிடம் இருந்த பெட்டிக்குப் போன வருஷம் ரப்பர் வளையம் போட்டபோது, ஜோடியாக வாங்கியதில் ஒன்று மிஞ்சியிருந்தது. அது பணிப்பெட்டியின் அடியில் அப்படியே கிடந்தது. இதுவும் சுருள் உரசிப் போனால் மாற்றுவதற்கு இந்த அளவில் கூம்பு எங்கேயும் கிடைக்காது. அதோடு ஜோடி முடிந்தது.

டியூப் துண்டுகளைச் சுரண்டி எடுத்தான். நடுமூடியை நீக்கி, அட்டைத் துண்டில் துணி சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, காந்த இடுக்கிலிருந்து கிரீஸை வழித்தான். துணி கறுப்பாக வந்தது. மாற்றினான். மறுபடி கறுப்பு. கருத்தப்பாண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு துணியாகக் கிழித்துக் கொடுத்தார். பன்னிரண்டு மணி சங்கு ஊதும்போது துணி வெள்ளையாக வெளியே வந்தது.

பட்டிகளைத் தேடியபோது அவை இல்லை. அவசரத்தில் வீட்டில் இன்னொரு ஸ்பீக்கருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தா போதுங்க. அதத்தான் வெட்டிச் செருகுவோம்."

"என்னோடது இருக்கு" என்றாள் அழகுத்தாய். "இருமலுக்கு டிஸ்பென்சரியில எடுத்தது." கொண்டுவந்து நீட்டினாள். "ஓரமா வெட்டுங்க மாப்ள. நெஞ்செலும்ப விட்டுருங்க, அது எனக்கு வேணும்."

பெருமாட்டியில் அலமாரிக்குள் சித்ராவின் எக்ஸ்ரே வைத்த ஆஸ்பத்திரிக் கவர் ஒன்று இருந்தது. பட்டி தீர்ந்துபோன நாட்களிலும் மோகன் அதைத் திறந்ததில்லை. இந்த ஃபிலிமை ஓரமாகவே வெட்டினான். நான்கு பட்டிகள். சுருளைச் சுற்றிச் செருகினான். வளையத்தில் பசை தடவி, ஓரமெங்கும் கட்டைவிரலால் அழுத்தி வந்தான். முடித்தபோது மணி இரண்டு.

"எப்ப காயும்?"

"நாளைக்கு ரெண்டு மணிக்குங்க" என்றான். சொன்ன பிறகுதான், அதுவரை தான் இங்கே இருக்க வேண்டும் என்பது உறைத்தது.

கருத்தப்பாண்டி கட்டிலுக்கு அடியிலிருந்து கயிறு கட்டிய பலகை ஒன்றை எடுத்தார். 'ஆள் வேலையில். தொடாதே' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஃபாக்டரியில் மெஷினைப் பிரித்து வேலை பார்க்கும்போது ஸ்விட்சில் மாட்டுவது. ஓய்வு பெற்ற அன்றைக்குக் கையோடு கொண்டுவந்துவிட்டார். அதைப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டி, கீழே சாக்பீஸால் 'நாளை 2 மணி' என்று எழுதினார்.

"எனக்கா?" என்றாள் அழகுத்தாய்.

"எல்லாருக்கும். மாட்டினவன்தான் எடுக்கணும். அதுதான் ஃபாக்டரி சட்டம்."

மோகன் வெளியே வந்தான். தேயிலைக்கு நடுவே ஏறினான், இறங்கினான். ஏலப்பாறைக்குப் போய் டீ குடித்தான். திரும்பி வந்தான். வேனின் டயரில் காற்றுப் பார்த்தான். மறுபடி கடைத்தெருவுக்குப் போய் வேண்டாத பேட்டரி ஒன்று வாங்கினான். ஜோஜோ கூப்பிட்டபோது எடுக்கவில்லை. கால்கள் நிற்க மறுத்தன. இந்த லயத்தின் படிகளில்தான் சித்ரா ஓடி விளையாடியிருப்பாள் என்று நினைப்பு வந்ததும், இன்னும் வேகமாக நடந்தான்.

ஏழு மணிக்கு வீட்டுக்குள் வந்தான். அழகுத்தாய் அடுப்படியில் இருந்தாள். பசையை விரலால் தொட்டுப் பார்த்தான். மேலே காய்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. இப்போது உருவி, மூடியை ஒட்டினால், எட்டு மணிக்குக் கிளம்பிவிடலாம். ஒரு பட்டியின் முனையைப் பிடித்தான். விரலில் பலகை இடித்தது.

"மாப்ள."

கருத்தப்பாண்டி வாசலில் நின்றிருந்தார். அதட்டவில்லை. கையில் இருந்த விறகுக்கட்டைக் கீழே போட்டார்.

"நான் கிரீஸு வச்சதுக்கும் இந்த அவசரந்தான் காரணம். சத்தம் கேட்டதும் ஒரு நாள் பொறுத்து உங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்கலாம். கூப்பிடணும்னு நினைச்சு, கூப்பிட்டா என்ன பேசுறதுன்னு தெரியாம, கைய வச்சுட்டேன்."

மோகன் பட்டியை விட்டான்.

"எனக்கும் தெரியலீங்க" என்றான்.

"சோறு ஆறுது" என்றது அடுப்படி. "பேசத் தெரியாதவுக ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க."

அன்றைக்கு அவன் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தான். தூங்கவில்லை என்று காலையில் சொன்னான். குறட்டையில் தனக்குத்தான் தூக்கம் போனது என்றாள் அழகுத்தாய்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கருத்தப்பாண்டி பலகையைக் கழற்றினார். மோகன் நான்கு பட்டிகளையும் ஒவ்வொன்றாக உருவினான். மூச்சை அடக்கிக்கொண்டு தாளை அழுத்தினான். இறங்கியது, ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினான். ஒன்றுமில்லை.

"பேரிங் பேசலையே" என்றார் கருத்தப்பாண்டி.

மூடியை ஒட்டியபின், இரண்டும் ஒன்றுபோலப் பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. அது வேலை முறை. வேனிலிருந்து மற்றப் பெட்டியைத் தூக்கி வந்து சுவரோரம் வைத்தான். அறை சின்னது. இரண்டுக்கும் நடுவில் ஐந்தடிதான். தான் கொண்டுவந்த சின்ன ஆம்ப்ளிஃபையரில் ரேடியோவைத் திருப்பினான். மலையாளத்தில் ஒரு பெண் அன்றைய ஏலக்காய் விலையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

குரல் இந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை, அந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. நடுவிலிருந்து வந்தது. சரியாக இணைத்த ஜோடி அப்படித்தான் கேட்கும். இரண்டு வருஷமாக மோகன் தன் ஜோடியை அப்படிக் கேட்டதில்லை. கருத்தப்பாண்டி இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். பிறகு காலியாக இருந்த நடுச்சுவரைப் பார்த்தார்.

"அங்க யாருமில்லையே" என்றார்.

அழகுத்தாய் குனிந்தாள். நடுவில் கிடந்த முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போய் உட்கார்ந்தாள்.

ஏலக்காய்க்குப் பிறகு மிளகு, பிறகு வானிலை. மூவரும் கேட்டார்கள்.

ஃபோன் அடித்தது. மோகன் வாசலுக்கு வந்தான்.

"ஜோஜோ, ஜோடி இல்லப்பா."

"நேத்து உண்டுன்னு சொன்னியே?"

"ஒண்ணு இவங்க வச்சிருக்காங்க. ஒண்ணு நான் வச்சிருக்கேன்."

"அதுக்குப் பேருதான் ஜோடி மோனே."

"ஆமா. விக்கறதுக்கு இல்ல."

உள்ளே வந்து தன் பெட்டியின் வயரைக் கழற்றினான். குரல் நடுவிலிருந்து நகர்ந்து ஒரு பக்கமாகப் போய் நின்றது. தன் பெட்டியைக் கம்பளியில் சுற்றினான். அழகுத்தாய் மிச்சம் இருந்ததன் மேல் படத்தைத் திரும்ப வைத்தாள்.

"இந்த ரப்பரு எத்தன நாளைக்குத் தாங்கும் மாப்ள?" என்றார் கருத்தப்பாண்டி.

நல்ல ரப்பர். இருபது வருஷம் தாங்கும், இந்த மலை ஈரத்திலும். மோகன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"சொல்ல முடியாதுங்க மாமா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கோணுங்க."

கருத்தப்பாண்டி முப்பத்தெட்டு வருஷம் பெல்ட்டும் ரப்பரும் மாற்றியவர். வளையத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பிறகு பலகையைத் திருப்பி, சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

"தேதி சொல்லுங்க. எழுதிப் போட்டுர்றேன்."