கூத்தையாவின் செட் மாத்திரை

மிளகாய் மூட்டை சுமந்த அலுப்புக்குக் கூத்தையா செட் மாத்திரை போடுவார். டாக்டர் சீட்டே கேட்காமல், நாலு நிறத்தில் நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பரமக்குடி மருந்துக்கடைக்காரர்தான் அவருக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. அதனால் சொல்லக்கூடாத இடத்தில் ஒரு ரூபாய்க் காசளவுக்குச் சிவந்து எரிந்தபோதும் அவரிடமே போய்க் காதோடு சொன்னார்.

கடைக்காரர் பார்க்கக்கூட இல்லை. "இது பொம்பளையால வாரதுண்ணே" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு களிம்பும் எரிச்சலுக்கு இன்னொரு செட்டும் கொடுத்தார்.

பஸ்ஸில் கூத்தையா யோசித்தார். தான் யோக்கியன், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவருக்குத் தெரிந்த பொம்பளை, பதினோரு வருஷமாகச் சோறாக்கிப் போடும் மனைவி சுகந்தி ஒருத்திதான். குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் போலீஸா வர வேண்டும்? "எவன்கிட்ட வாங்கிட்டு வந்தியோ, அங்கனயே போ" என்று அன்றைக்கே அவளை உச்சிப்புளியில் இருக்கும் அவள் அய்யா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவள் போன மூன்று மாதத்தில் புண் இரண்டு முறை திரும்ப வந்தது. அதே இடம், அதே வட்டம். அவள் இல்லாமலே எப்படி வந்தது என்று சாதாரண மனிதனுக்குத் தோன்றும். கூத்தையா பெரிய மனிதர். அவள் விஷம் இன்னும் இறங்கவில்லை என்று முடிவு கட்டினார்.

அடுத்த முறை நடக்கவே முடியாமல் ராமநாதபுரத்துத் தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் சூஃபியா ஒரு பெண் என்று தெரிந்ததும் அரைமணி நேரம் வாசலிலேயே நின்றார். அந்த அம்மா முகம் சுளிக்காமல் பார்த்தார், ரத்தம் சோதித்தார், பிறகு கேட்டார்: "இது வர்றதுக்கு முந்தின நாள் என்ன மாத்திரை போட்டீங்க?"

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் வெளியே வந்தது.

"இதுல ஏதோ ஒண்ணு உங்களுக்கு ஒத்துக்கலை. போடும்போதெல்லாம் அதே இடத்துல வரும், ஆறினா கருப்பா தங்கும். அபூர்வமா சில பேருக்கு இப்படி ஆகும். ரத்தத்துல ஒண்ணும் இல்லை. இது யார்கிட்டருந்தும் வராது, யாருக்கும் ஒட்டாது."

கூத்தையாவுக்கு உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அது உச்சிப்புளி பஸ் ஏறும்வரை நீடித்தது.

"நீ தப்புப் பண்ணலன்னு டாக்டரே சொல்லிட்டாக. கெளம்பு" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சுகந்தியிடம் நீட்டினார்.

அவள் நிதானமாகப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"மருந்துக்கடக்காரரு சொன்னத நம்புனீக. இப்ப டாக்டரு சொல்றதையும் நம்புறீக. பதினோரு வருசத்துல நாஞ் சொன்னத எப்ப நம்புனீக?"

கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பதிலுக்காக நின்றாள். அதைத்தான் கூத்தையாவால் தாங்க முடியவில்லை.