தலையில் கிரீடம் இருந்தால் கூப்பிடக் கூடாது

எங்கள் இரண்டாம் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. என் தலையில் பிளாஸ்டிக் கிரீடம் இருந்தால் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. ரத்தம், வாந்தி, நெருப்பு, இவற்றுக்கு மட்டும் விலக்கு. மற்றதையெல்லாம் தாளில் எழுதித்தான் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். நாலு பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லும்போது, "மிஸ், இவன் என் ரப்பரை நக்கிட்டான்" என்று ஒருத்தி வந்து நின்றால் உங்களுக்கும் கிரீடம் தேவைப்படும்.

நான் அந்த நாலு பேரோடு இருக்கையில் ஒரு கூட்டம் எழுதும், ஒரு கூட்டம் ஹெட்போன் மாட்டிக் கதை கேட்கும், இன்னொரு கூட்டம் எங்கள் வெள்ளெலி வாஃபிளுக்குப் படித்துக் காட்டும். மணி அடித்தால் எல்லோரும் இடம் மாறுவார்கள்.

தலைமையாசிரியர் ஹால்வர்சனுக்கு இந்தச் சுற்றல் பிடிக்கவில்லை.

"நீங்க ஒரு மேசையில இருக்கீங்க, மிஸ் பெக்கர். மத்த பிள்ளைங்க என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். சரிப்படலேன்னா திங்கக்கிழமையிலேருந்து எல்லாரும் வரிசையா உக்காந்து பயிற்சித்தாள் எழுதட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெஸ்ஸா என்று ஒருத்தி இருக்கிறாள். செப்டம்பரிலிருந்து பெயரைத் தவிர ஒரு வரி எழுதியதில்லை, பென்சிலைக் கடித்துத் துப்புவதோடு சரி. வாஃபிளிடம் மட்டும்தான் வாய் திறந்து படிப்பாள். அவளை வரிசையில் உட்காரவைத்துத் தாளை நீட்டினால் அதுவும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை வெளியே பனி கொட்டியது. ஹால்வர்சன் தடித்த கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, கோப்பும் கையுமாகப் பின்னால் உட்கார்ந்தார். நான் கிரீடத்தை வைத்துக்கொண்டு என் நாலு பேரையும் வாசிக்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் வகுப்பு அமைதியானது. எங்கள் வகுப்பு அமைதியானால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்தேன். கூண்டுக் கதவு திறந்து கிடந்தது.

ஒரு பிள்ளைகூட என்னைக் கூப்பிடவில்லை. பாவிகள், சட்டத்தை மதிக்க இந்த நாளா கிடைத்தது? எழுதும் கூட்டம் "வாஃபிளைக் காணோம்" என்று எழுதி எழுதி மேசைக்கு மேசை கொடுத்துக்கொண்டிருந்தது. ஹெட்போன் கூட்டம் தரையில் தவழ்ந்து தேடியது. நான் எழுந்தால் ஹால்வர்சனுக்குத் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது டெஸ்ஸா எழுந்து போய் அவரிடம் ஒரு தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். படித்தவர் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

"மிஸ் பெக்..." என்று வாயைத் திறந்தார். டெஸ்ஸா உதட்டில் விரலை வைத்து, என் கிரீடத்தைக் காட்டினாள். "எழுதிக் குடுங்க சார்" என்று கிசுகிசுத்தாள்.

எங்கள் தலைமையாசிரியர், அந்தப் பெரிய மனுஷர், அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். அவள் தரையில் குந்தி பதில் எழுதினாள். தாள் போனது, வந்தது, மறுபடி போனது. இடையில் டெஸ்ஸா ஒரு கேரட் துண்டை எடுத்து வந்து நாற்காலியில் தொங்கிய அவர் கோட்டின் பையருகே நீட்டினாள். உள்ளேயிருந்து வாஃபிள் மூக்கை நீட்டியதும் லபக்கென்று பிடித்துக் கூண்டில் விட்டாள். மணி அடித்தது. நான் கிரீடத்தைக் கழற்றினேன்.

ஹால்வர்சன் கோட்டை உதறிக்கொண்டே வந்து தாளை என் முன் வைத்தார். டெஸ்ஸாவும் அவரும் மாறி மாறி எழுதியிருந்தார்கள்.

"சார், உங்க கோட்டுப் பையில எங்க வாஃபிள் இருக்கு. பின்னால சாயாதீங்க."

"இப்போ நான் என்ன பண்ணணும்?"

"ஆடாம இருங்க. நான் கேரட் கொண்டு வரேன். அது கடிக்காது. எப்பவாவது கடிக்கும்."

"எனக்குப் பயமா இருக்கு."

"முதல்ல எனக்கும் பயமா இருந்துச்சு. அதுக்குக் கதை படிச்சுக் காட்டுனா சரியாயிடும்."

என் கண் நிறைந்துவிட்டது. நான் அதை மறைக்கவும் இல்லை. "இது டெஸ்ஸா, சார். பெயரைத் தவிர எதுவுமே எழுதாத பொண்ணு" என்றேன்.

அவர் தாளை எடுத்து மடித்துக் கோப்பில் வைத்தார். "மேசையெல்லாம் இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கோட்டுப் பையை இன்னொரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு போனார்.

கதவு மூடியதும் டெஸ்ஸா என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், அவர் என் தாளை எடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கு இன்னொண்ணு குடுங்க. இன்னும் எழுத வேண்டியது இருக்கு."