பச்சைத் தொட்டிக்குப் போட்ட பூட்டு

கீழே வருவது அத்தனையும் சத்தியம். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டே இடத்தில் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அதுவும் நம்ப மாட்டீர்களே என்ற இரக்கத்தில்தான்.

பூட்டுக்காரர் வீட்டு வாசலில், தெரு ஓரமாக ஒரு பச்சைத் தொட்டி நிற்கும். காய்த்தோல், முட்டை ஓடு, தட்டில் மிஞ்சியது, தோட்டத்துச் சருகு எல்லாம் அதற்குள் போகும். செவ்வாய்க்கிழமை காலை நகராட்சி லாரி வந்து, இரும்புக் கையால் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டு, உரமாக்கக் கொண்டுபோகும். மக்காத சாமான் உள்ளே கிடந்தால் தொட்டியில் சிவப்பு அட்டை ஒட்டுவார்கள். மூன்றாவது அட்டை விழுந்தால் தொட்டியே போய்விடும். தொட்டி இருக்கிற வீட்டுக்குத்தான் வருடக் கடைசியில் ஒரு மூட்டை உரம் இலவசம்.

பூட்டுக்காரருக்கு ஏற்கெனவே இரண்டு அட்டை. இரண்டும் பிளாஸ்டிக் பைக்காக விழுந்தவை. அவர் மனைவியோ அந்த மூட்டையை நம்பிப் பன்னிரண்டு ரோஜாச் செடி நட்டிருந்தார். செடியும் பூக்கவில்லை, அவர் முகமும் மலரவில்லை.

"மூணாவது அட்டை மட்டும் விழட்டும். தொட்டி நின்ன இடத்துல நீங்க போய் நில்லுங்க" என்றார் மனைவி.

"நானா போடுறேன்? தெருவுல போற எவனோ போட்டுட்டுப் போறான்!"

லாரி ஓட்டுகிறவன் மனைவியின் சொந்தத் தம்பி. அதனால் சலுகை உண்டா என்றால், கிடையாது. அத்தான் தொட்டிக்கு அட்டை ஒட்டுவதில் அவனுக்குத் தனி சுகம்.

பூட்டுக்காரர் யோசித்தார். நாற்பது வருடம் ஊரார் பூட்டையெல்லாம் திறந்த கை. புதன்கிழமை உட்கார்ந்து, தன்னாலேயே திறக்க முடியாத ஒரு பூட்டைச் செய்து, தொட்டி மூடியில் பொருத்தினார். தன்னால் முடியாதது வேறு எவனால் முடியும்? சாவியை மேசைமேல் வைத்தார். மேசையில் வெங்காயத்தோலும் பூசணிக் குடலும் ஒரு செய்தித்தாளில் குவிந்து கிடந்தன. சுத்தக்காரரான அவர் எல்லாவற்றையும் அப்படியே வாரிச் சுருட்டி, நிறைந்திருந்த தொட்டிக்குள் அமுக்கி, மூடியை அறைந்து சாத்தினார். பூட்டு 'டிக்' என்று விழுந்தது. அந்த ஓசையின் அழகைக் கேட்டுப் பெருமையாகச் சிரித்தார். சட்டைப்பையைத் தடவியதும் சிரிப்பு நின்றது.

காற்றுப் புகாமல் தொட்டி சூடேறியது. வெள்ளிக்கிழமை தெருப்பூனைகள் ஏழும் அதைச் சுற்றிப் படுத்துக் குளிர்காய்ந்தன. சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் தன் காலுறைகளை மூடிமேல் காயப்போட்டார். ஞாயிறன்று மனைவி அதன்மேல் வைத்தே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தார். திங்கள் மாலை சாவித் துவாரம் வழியாக ஒரு பூசணிக்கொடி எட்டிப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது.

"அத்தான், தொறங்க."

"இருப்பா. அவசரப்பட்டா பூட்டு கெட்டுடும்."

"சாவி எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா?"

"உள்ள."

மச்சான் நடைபாதையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, ஓடி வா! உன் வீட்டுக்காரர் கூத்தைப் பாரு!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தான். "தொறக்காத தொட்டிக்கும் அட்டைதான். சட்டம்."

பூட்டுக்காரர் கம்பியை விட்டுப் பார்த்தார், ஊக்கை விட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். பூட்டு அசையவில்லை. அப்போது கொடியின் சுருள் ஒன்று திரும்பித் துவாரத்துக்குள் நுழைந்தது. இடப்பக்கம் இரண்டு சுற்று, வலப்பக்கம் ஒன்று. மூடி திறந்துகொண்டது.

"தொழில் தெரிஞ்ச கொடி" என்று பூட்டுக்காரர் முணுமுணுத்தார்.

உள்ளே குப்பை இல்லை. கறுகறுவென்று, முதல் மழை வாசனையோடு, பொலபொலவென்ற உரம்.

மச்சான் முகர்ந்து பார்த்தான். "இது மண்ணு. பச்சைத் தொட்டியில மண்ணு போடக் கூடாது. அட்டை."

"டேய், அது உரம்டா! நீங்க ஆறு மாசம் பண்றதை நான் ஆறு நாள்ல பண்ணியிருக்கேன்!"

"குப்பைன்னா எடுப்பேன் அத்தான். உரம்னா என் வேலை இல்ல."

"டேய், அட்டையை ஒட்டாத. அஞ்சே நிமிஷம்" என்று மனைவி மண்வெட்டியோடு வந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்ப எழுப்ப, அள்ளி அள்ளி ரோஜாக்களுக்குப் போட்டார். பன்னிரண்டாவது செடிக்குப் போட்டு நிமிர்வதற்குள் முதல் செடி பூத்துவிட்டது.

தொட்டியின் அடியில் சாவி கிடந்தது. கூடவே மக்காத இரண்டு பிளாஸ்டிக் பைகள், கச்சிதமாக இரட்டை முடிச்சுப் போட்டு. இரண்டிலும் அவருடைய பூட்டுக்கடையின் பெயர் பளிச்சென்று அச்சாகியிருந்தது. வாடிக்கையாளருக்குப் பூட்டைக் கட்டிக் கொடுத்துப் பழகிய கை, காய்த்தோலையும் அவரைக் கேட்காமலே கட்டிப் போட்டிருக்கிறது.

"தெருவுல போற எவனோன்னீங்க?" என்றார் மனைவி.

"நானும் தெருவுலதானே போறேன்" என்றார் பூட்டுக்காரர், தரையைப் பார்த்து.

மச்சான் பைகளை எடுத்து அத்தான் கையில் கொடுத்தான். காலித் தொட்டியைத் தட்டிப் பார்த்தான். அக்காவின் கையிலிருந்த மண்வெட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "காலித் தொட்டிக்கு அட்டை ஒட்டச் சட்டத்துல இடமில்ல" என்று அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். தொட்டி போகாமல் நின்றது. ரோஜாக்கள் வீட்டுக் கூரை வரை போயின. பூட்டுக்காரருக்குச் சருகு போடுவதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஒன்றே ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: பூட்டுக்காரர் இருக்கும் இந்தத் தெருவுக்குப் பச்சைத் தொட்டிகள் அடுத்த மாதம் முதல் தேதியில்தான் முதன்முதலாக வரப்போகின்றன.