துரைக்குத் தெரிந்த பாஷை

வெள்ளிக்கிழமைக்குள் யாராவது அந்த நாயை அடக்கிக் காட்டினால் பிழைக்கும், இல்லாவிட்டால் ஊசி. கிடங்கு மேலாளர் போனில் சொன்னது அவ்வளவுதான். தையல்காரி "நான் வரேன்" என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்த நாயால்தானே அவள் புருஷன் செத்தான்?

கிடங்கின் காவல் நாயைப் பழக்குவது அவன் வேலை. மூன்று வாரத்துக்கு முன், பட்டப்பகலில், வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். நாய் அவன்மேல் கால் பரப்பி நின்றுகொண்டு ஒருவரையும் அண்டவிடவில்லை. ஆம்புலன்ஸ் வந்து நாற்பது நிமிஷம் கைகட்டி நின்றது. கடைசியில் வலை வீசி நாயை இழுத்தபோது அவன் உயிர் போயிருந்தது. நாய்க்குப் புரிவது ஜெர்மன் சொற்கள் மட்டுமே. அதனால்தான் அதற்குத் துரை என்று பட்டப்பெயர். அந்தச் சொற்கள் தெரிந்த ஒரே ஆள் அதன் காலடியில் கிடந்தான்.

"எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்பான். அவளிடம்கூட மூச்சு விட்டதில்லை. அந்த வீம்பை அவள் உள்ளூர ரசித்திருக்கிறாள்.

அவன் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு கிடைத்தது. சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். மகள் போனில் ஜெர்மன் உச்சரிப்பைத் தேடிக் கேட்டு, அம்மாவைத் திருத்தினாள்.

"ப்ளாட்ஸ்னா படு. எங்க, சொல்லு."

"ப்ளாட்ஸ்."

"என்னம்மா இப்படிக் கெஞ்சுற? துரை உன்னைப் படுக்க வச்சிடுவாரு."

"போடி வாயாடி." அவன் போனபின் முதல்முறையாகச் சிரித்தாள். உடனே குற்றம் செய்தாற்போல் வாயை மூடிக்கொண்டாள்.

ப்ளைப், அங்கேயே இரு. அவுஸ், விட்டுவிடு. ப்ராவ், சமத்து. கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில், 'மனசாரச் சொல்லணும், இல்லேன்னா கண்டுபிடிச்சிடும்' என்று எழுதியிருந்தான். பதினெட்டு வருஷத்தில் அவளை ஒருமுறைகூடச் சமத்து என்று சொன்னதில்லை. நாயைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்குத் தேய்ந்துபோய்விட்டோமா என்று தோன்றியது.

அடுத்த பக்கத்தில் இருந்தது: 'இன்னிக்குப் புதுப் பாடம். நம்ம ஆள் தரையில சாஞ்சா, மேலே வந்து நிக்கணும். சொல்லே வேண்டாம். யாரையும் விடக் கூடாது. பத்துத் தடவை விழுந்தேன், பத்துத் தடவையும் வந்து நின்னுது. ப்ராவ்.'

அவள் குறிப்பேட்டை மூடினாள். சொல்லிக் கொடுத்ததை நாய் செய்திருக்கிறது. அவ்வளவுதான். மூன்று வாரமாக அதை வைத வசவுகள் எல்லாம் திரும்பி யார்மேல் போய் விழுவது என்று தெரியாமல் தவித்தன. துரை சாகக் கூடாது.

வெள்ளிக்கிழமை கிடங்கு முற்றத்தில் மேலாளரும் கால்நடை மருத்துவரும் தள்ளி நின்றார்கள். மருத்துவரின் பை திறந்தே இருந்தது. கூண்டுக் கதவு விலகியது. துரை இளைத்திருந்தது. அவள் உடுத்தியிருந்த அவன் சட்டையை மோந்து பார்த்தது.

"ப்ளாட்ஸ்."

படுத்தது.

"ப்ளைப்." பத்தடி விலகிப் போனாள். அசையவில்லை.

"அட, கேக்குதே!" என்றார் மேலாளர். "சரிம்மா, இருக்கட்டும். வேற ஆள் பழக்கிக்கலாம்."

'இருக்கட்டும்' என்ற சொல் காதில் விழுந்ததும், மூன்று வாரமாக இறுக்கி வைத்திருந்ததெல்லாம் விட்டுப்போனது. அப்படியே தரையில் சாய்ந்தாள்.

சாய்ந்த பிறகுதான் பாடம் நினைவுக்கு வந்தது.

துரை பாய்ந்து வந்து அவள்மேல் நின்றது. தூக்கிவிட ஓடிவந்த மேலாளரின் சட்டைக் கையைக் கிழித்தது. அவர் அலறிப் பின்வாங்கினார். "போதும் டாக்டர், இதை வச்சிருக்க முடியாது!"

மருத்துவர் ஊசியில் மருந்தை ஏற்றினார். "எப்படியாவது அதை விலகச் சொல்லுங்கம்மா."

அவுஸ் என்ற சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் விலகும். விலகினால் ஊசி.

நாயின் நெஞ்சு அவள் முகத்துக்கு மேலே படபடவென்று அடித்துக்கொண்டது. வெயில் படாமல் அதன் நிழல் மூடியிருந்தது. அவனுக்கும் கடைசியில் இதுதான் கேட்டிருக்கும். இந்தச் சூடுதான் பட்டிருக்கும்.

"ப்ராவ்" என்றாள், மனசார.

துரை வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, இன்னும் ஊன்றி நின்றது.