பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் எங்கே போனது?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல. எங்கள் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயைச் சரிசெய்துகொண்டே அத்தான் சொன்னது. வாயில் ஒரு வாஷரைக் கவ்விக்கொண்டிருந்ததால் பாதிதான் புரிந்தது. வாஷரை எடுத்துவிட்டுச் சொன்ன கடைசி வரி மட்டும் தெளிவாகக் கேட்டது.

"உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே மச்சான்."

எழுத்தாளனிடம் ரகசியம் சொல்வது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். முப்பது வருடம் பிளம்பராக இருந்த மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அக்காதான். சிவப்புப் பேனாவோடு உட்காருவாள். ஒற்றுப்பிழை முதல் கதாநாயகியின் செருப்பு நிறம் வரை எதுவும் அவளிடம் தப்பாது. இதை எழுதினால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் நொறுங்கிப்போவாள். ஏன் என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். எழுதாமலே இருந்துவிடலாம்தான். ஆனால் பாருங்கள், பேசிப் பேசியே ஒரு பகுதியை முடித்துவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"வறண்ட வெளி ஒரு பசித்த மிருகம்போல் வாயைப் பிளந்துகொண்டு அவர்களை..."

நிறுத்திவிட்டேன். மிருகத்தைப் பார்த்தால் அக்கா ஓரத்தில் "ரெண்டு ஈதான் இருந்துச்சு" என்று எழுதுவாள்.

இரண்டாம் முயற்சி:

"தண்ணீரின் அருமை என்னவென்றால்..."

இது பள்ளிக்கூடக் கட்டுரை. மதிப்பெண் கிடைக்கும், வாசகர் கிடைக்கமாட்டார்.

சரி, நேராகவே வருகிறேன். ஆளும் மரமும் இல்லாத வறண்ட வெளியை ஒரு பழைய வேனில் அக்காவோடு கடப்பது அத்தானின் நெடுநாள் ஆசை. ஒரு தண்ணீர்க் குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு ஐந்து நாள் ஓட்ட வேண்டும். அதற்காக வேனின் பின்பாதியில், படுக்கைக்கு அடியில், நீளவாக்கில் நூறு லிட்டர் தொட்டி ஒன்றைத் தன் கையாலேயே பொருத்தினார். குழாய், வளைவு, ஜாயிண்ட் எல்லாம் அவர் வேலை. தொட்டியின் பின்முனையில் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழல். அதில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அத்தனை லிட்டர் உள்ளே இருக்கிறது என்று கணக்கு.

"என் ஜாயிண்ட் ஒழுகினதா சரித்திரமே இல்ல" என்பது அத்தானின் வழக்கமான வசனம். (கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்கமாட்டார். எங்கேயாவது குழாய் சொட்டினால் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவார்.)

இவ்வளவு இருந்தும் அக்கா தனியாகப் பத்து லிட்டர் கேன் ஒன்றை மூடி இறுக்கி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கட்டிவைத்தாள். "எல்லாத் தண்ணியையும் ஒரே இடத்துல வெக்கக் கூடாது. இதை யாராவது தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்" என்றாள். யாராவது என்றால் யார்? வேனில் இருந்ததே இரண்டு பேர்.

(இந்தக் கேன்தான் பின்னால் என் கதையின் உச்சக்கட்டத்தைக் கெடுக்கப்போகிறது. இப்போதே சொல்லிவைக்கிறேன்.)

3

அக்காவைப் பற்றி எழுத எனக்குப் பயம். ஆனாலும் எழுதியாக வேண்டும்.

இருபத்தாறு வருடம் நர்ஸ். நோயாளியின் உடம்புக்குள் எவ்வளவு நீர் போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று குறித்துவைக்கும் தாள் ஒன்று உண்டு. அவள் எழுதிய தாளை டாக்டர்கள் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள். அப்படிப்பட்டவள் போன வருடம் ஒரு தாளில் நூறு மில்லியைக் கூட்டாமல் விட்டுவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புதிதாக வந்த ஒருத்தி அதைக் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னாள். அக்கா அந்த வாரமே வேலையை விட்டாள். அதற்குப் பிறகு கூரியர்க்காரன் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடக்கூட அத்தானைத்தான் கூப்பிட்டாள்.

அதனால்தான் முதல் நாள் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அவள் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு, குழலைப் பார்த்து எண்பது என்று எழுதியபோது, அத்தான் மற்ற வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் பேனா பிடித்துவிட்டாளே என்று இருந்தது அவருக்கு.

"நூறுல இருபதுதான் போயிருக்கு. சரியாப் போறோம்" என்றாள்.

"நீ அளந்தா சரியாத்தான் இருக்கும் நர்சம்மா" என்றார் அவர்.

சரியாக இல்லை.

4

தப்பு எங்கே என்று சொல்கிறேன், சுலபம்தான். அத்தானுக்கு நெஞ்செரிச்சல் உண்டு. தலைப்பக்கம் உயரமாக இருந்தால்தான் படுக்க முடியும். அதனால் தினமும் சாயங்காலம் ஒரு மேட்டைத் தேடி, வேனின் முன்பக்கம் மேலே ஏறியிருக்கும்படி நிறுத்துவார். வண்டி சாய்ந்தால் தொட்டியும் சாயும். தண்ணீரெல்லாம் பின்முனைக்கு ஓடிவரும். குழல் இருப்பது பின்முனையில். உள்ளே அறுபத்தெட்டு இருந்தால் குழல் எண்பது காட்டும். பன்னிரண்டு லிட்டர் பொய்.

இரண்டாம் நாள் மத்தியானம், சமதளத்தில் டயரைப் பார்க்க இறங்கிய அத்தான் குழலையும் பார்த்தார். இருக்க வேண்டியதைவிடப் பன்னிரண்டு லிட்டர் கீழே நின்றது தண்ணீர். பிளம்பருக்கு விளங்க அரை நிமிடம் ஆனது.

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். எந்தப் புத்தியுள்ள மனிதனும் மனைவியிடம் சொல்லியிருப்பான். "அவர் உடனே அக்காவிடம் சென்று" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பார்த்தேன். அவர் போகமாட்டேன் என்றார். அவள் முன் இருக்கையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்ட பிறகு அவள் பாடி அவர் கேட்டதில்லை. அந்த நோட்டில் போய் எப்படித் தப்பு கண்டுபிடிப்பது?

பன்னிரண்டு லிட்டரையும் தன் வாயிலிருந்தே மிச்சம்பிடித்துவிடலாம் என்று முடிவுசெய்தார். குவளையை உதட்டில் வைத்துத் தொண்டையை மட்டும் அசைத்தார். பல்லைத் துணியால் துடைத்தார். சமதளத்தில் நிறுத்தினால் குழல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தினமும் அதே சாய்வுள்ள மேட்டைத் தேடி அலைந்தார்.* நான்காம் நாள் காலையில் அக்கா, "நிறைய இருக்கே" என்று துணி அலசியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

* இந்த இடத்தில் அவரை ஒரு முறையாவது திட்டியிருக்க வேண்டும். வறண்ட வெளியில் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுவது அன்பல்ல, அசட்டுத்தனம். திட்டினேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து சிரித்தார்.

நான்காம் நாள் பிற்பகல் வண்டி கோணல்மாணலாக ஓடியது. அக்கா நிறுத்தச் சொன்னாள். அவர் கையின் பின்புறத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய தோல் கிள்ளிய மேனிக்கே நின்றது.

"இன்னிக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க?"

"இதென்ன கேள்வி, வெட்டவெளியில..."

"எத்தனை தடவை?"

"ஒண்ணு. நேத்து."

அவள் குழாயைத் திறந்தாள். இரண்டு இருமல் இருமிவிட்டு அது நின்றது.

5

உச்சக்கட்டம்! தாகம், மயக்கம், வானத்தில் வட்டமிடும்...

இல்லை. அக்கா கேனை அவிழ்த்து, சர்க்கரையும் உப்பும் கலந்து, வாய் வாயாகக் குடிக்கவைத்தாள். அரை மணி நேரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது மறுநாள் மத்தியானம்வரை இரண்டு பேருக்குக் குடிக்கத் தாராளமாகப் போதும். முகம் கழுவத்தான் வழியில்லை. நான் என்ன செய்வது? இவ்வளவு கெட்டிக்காரியைக் கதைக்குள் விட்டால் இப்படித்தான்.

பிறகு அவள் நோட்டை எடுத்தாள். நேற்று நாற்பது. காலையிலிருந்து செலவு இருபத்தெட்டு. "பன்னிரண்டு லிட்டர் இருக்கணுமே. எங்கே போச்சு?" என்றாள். மறுபடியும் கூட்டினாள். மறுபடியும். பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

அத்தான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் புகுந்தார். நாலு தட்டு தட்டினார். அவள் கொடுத்த குவளையில் கடைசி ஒரு வாய் மீதம் இருந்தது. அதைக் கைக்குட்டையில் ஊற்றி ஜாயிண்ட்டின் மேல் பிழிந்தார். ஐந்து நாளில் உண்மையாகவே வீணானது அந்த ஒரு வாய்த் தண்ணீர்தான். பிறகு வெளியே வந்து, அதுவரை வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"என் ஜாயிண்ட் ஒழுகிடுச்சு. உன் கணக்கு சரிதான்."

6

நான் எழுதிய முடிவுகள்:

அ. அடுத்த குழாயடியில், வாளி நிறையத் தண்ணீர் பிடித்தபடி அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். அவள் வாளியை அவர் தலையில் கவிழ்க்கிறாள். (சினிமா. அடித்துவிட்டேன்.)

ஆ. ஜாயிண்ட் உண்மையாகவே ஒழுகியது. சாய்வும் இல்லை, பொய்யும் இல்லை.

அக்காவிடம் கொடுத்தது ஆ. கோழை என்று என்னைத் திட்டலாம், திட்டுங்கள். அவள் சிவப்புப் பேனாவைத் திறந்து, ஏழு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை மூடினாள்.

"ஜாயிண்ட் ஒழுகிச்சுன்னு அவர் சொன்னாரா?"

"ஆமாக்கா."

"ஒழுகின ஈரம் வேற, ஊத்தின ஈரம் வேறடா. இருபத்தாறு வருஷம் காயத்துக் கட்டுப் பிரிச்சுப் பார்த்தவளுக்கு அது தெரியாதா?"

உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். நான்காம் நாள் வரிசையின் ஓரத்தில், பென்சிலால், சின்னதாக: வண்டி சாய்வு, 12. அன்று சாயங்காலமே எழுதியிருக்கிறாள். இவள் தப்பை இவளே கண்டுபிடித்திருக்கிறாள். நான் பயந்ததுபோல நொறுங்கவும் இல்லை.

"அவர்கிட்ட கேக்கலையா?"

அவள் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"முப்பது வருஷமா ஒழுகாத ஜாயிண்ட்டை எனக்காக ஒழுக விட்டாரு. அதைப் போய் நான் அடைக்கணுமா? நீயும் அவர்கிட்ட சொல்லிடாதே."

7

இப்போது என் நிலைமை உங்களுக்குப் புரியும். ஓட்டை வாளியின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊற்றிவிட்டார்கள். அக்காவுக்கு இந்தக் கதை தெரியும், அதனால் அச்சில் வந்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை. அத்தான் கதை படிக்கமாட்டார். ஆனால் யாராவது படித்துச் சொன்னால் கேட்பார்.

நேற்று சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற மறுபடி வந்தார். தொட்டிக்கு அடியிலிருந்தே கேட்டார்.

"கதை முடிஞ்சுதா மச்சான்? முடிவு என்ன வெச்சிருக்கே?"

"ஜாயிண்ட் ஒழுகிடுச்சு அத்தான். அவ்வளவுதான்."

"நல்ல காரியம் பண்ணினே" என்றார். ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஒண்ணு மட்டும் செய்யேன். 'லேசா' ஒழுகிச்சுன்னு போடு."

அந்த ஒரு சொல்லைப் போடலாமா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கதையைப் படித்துக் காட்டப்போவது நீங்கள்தான். ஐந்தாம் பகுதியில் ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இடம் இருக்கிறது. ஆறாம் பகுதி வந்ததும், அக்காவின் நோட்டு அவர் காதில் விழாமல், தயவுசெய்து இரண்டிரண்டு பக்கமாகப் புரட்டிக் கதையை முடித்துவிடுங்கள்.