குடையைத் தலைகீழாகப் பிடித்தவர்

அந்தப் படத்தை யாராவது திட்டினால் முன்பெல்லாம் சண்டைக்கே போய்விடுவேன். அதில் கதாநாயகன் எல்லா இடத்துக்கும் தாமதமாகத்தான் வருவான். வந்து, வாசலில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அசடு வழிவான். "மழை பிடிச்சு வச்சுக்கிச்சு. இப்பதான் விட்டுச்சு" என்பான். வெளியே வெயில் கொளுத்தும். கதாநாயகி முறைத்துவிட்டு, "மழைகிட்ட நான் பேசிக்கிறேன், உள்ள வா" என்பாள். தியேட்டரே சிரிக்கும். எனக்குப் பிடித்தது அவன் அல்ல, அவள் கோபம் கரைகிற அழகு.

என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேச்சு ஆரம்பித்ததே அந்தப் படத்தால்தான். கல்யாணத்துக்குப் பிறகு அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. தப்புச் செய்தவர் குடையோடு வாசலில் நின்று அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் பதில் வசனம் சொல்ல வேண்டும். அதோடு வழக்கு முடிந்தது. குடை பிடித்தது பெரும்பாலும் அவர்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் நான் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் மாட்டிக்கொள்ளும்.

என் மார்பில் ஒரு கட்டி. சோதனை முடிவைச் சொல்லும் நாளில் துணைக்கு வருகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். மெழுகில் பாதிப் பற்களை அடுக்கியபடியே விட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்தேன். கேட்டவர்களிடமெல்லாம் ஆள் வருகிறது என்றேன். ஆளும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அடுத்த வாரமே கட்டியை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதைத் தனியாக உட்கார்ந்து கேட்டேன். ஆபரேஷன் அன்று துணைக்கு யார் இருப்பார்கள் என்று நர்ஸ் கேட்டபோது கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் குடை. தலைகீழாக.

"மழை பிடிச்சு வச்சுக்கிச்சு. இப்பதான் விட்டுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவுப் பிடியை விடாமல் நின்றேன். எனக்கு வசனம் மறந்துவிட்டது என்று அவர் நினைத்தாரோ என்னவோ, மெல்ல எனக்கே எடுத்துக் கொடுத்தார்.

"மழைகிட்ட நான்..."

அவ்வளவுதான், கத்தித் தீர்த்துவிட்டேன். அந்தப் படத்தில் யாருக்காவது ஒரு காய்ச்சலாவது வருகிறதா என்று கேட்டேன். அவள் என்றைக்காவது ஆஸ்பத்திரியில் கைப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளா என்று கேட்டேன். வெட்கமாக இல்லையா என்றும் கேட்டேன். அந்தக் கதாநாயகி மேல்கூட ஆத்திரம் வந்தது. ஒரே ஒரு தடவை கதவைச் சாத்தியிருந்தால் அவளுக்கு என்ன குறைந்திருக்கும்?

குடை மெல்ல இறங்கியது.

"ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன். உள்ள வர பயமா இருந்துச்சு. திரும்பிட்டேன்."

கேட்டு எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் கோபம்தான் ஏறியது. பயம் என்ன, இவர் பேருக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா?

"பயப்படுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா என் பக்கத்து நாற்காலில உட்கார்ந்து பயப்படுங்க."

அவர் குடையை மடக்கினார். மடக்கத் தெரியாதவர் போல நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, வாசலில் நின்றபடியே, வந்ததும் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

அடுத்த வாரம் ஆபரேஷன் என்றேன். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அவராகவே வந்தார்.