நாலாவது நிபந்தனை

1

நாகரிகம் ஆற்றங்கரையில் பிறந்தது என்பார்கள். பிறந்தது அங்கேதான், வளர்ந்து ஆளானது சாக்கடைக் கரையில். தான் கழித்த நீரை எந்தச் சமுதாயம் மரியாதையோடு வழியனுப்பி வைக்கிறதோ, அந்தச் சமுதாயமே உலகை ஆளும்.

இது என் கருத்தல்ல. எங்கள் ஊர்ச் சாக்கடைத் திறப்பு விழாவில் முனிசிபல் சேர்மன் ராசப்பர் முழங்கியது. எழுதிக் கொடுத்தது மட்டும் நான். விழா முடிந்ததும் அவருக்கு ரோஜா மாலை, எனக்கு ஒரு எலுமிச்சம்பழம். பழம் அழுகல்.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சேலத்தில் ஏறி நாமக்கல் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால், வழியில் ஓர் இடத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் மூக்கைப் பொத்துவார்கள். அந்த இடம். வருஷம் 1938. நான் அங்கே முனிசிபல் குமாஸ்தா. இந்தக் கதையை எழுதுவதும் ஆபீஸ் காகிதத்தின் பின்பக்கத்தில்தான். முன்பக்கத்தில் 'நாய் வளர்ப்போர் விண்ணப்பம்' என்று அச்சாகியிருக்கும். பொருட்படுத்த வேண்டாம்.

கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை கவுன்சில் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை என் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வாய் வராதவன் வேறென்ன செய்வான்? எழுதுகிறான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'செங்கதிரோன் கீழ்வானில் தன் பொற்கரங்களை நீட்டி—'

[விட்டுவிட்டேன். இந்தக் கதையில் சிவப்பு வருகிறது. அதற்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை.]

பிறகு இப்படி:

'கணவனை இழந்த ஷம்ஷாத் பீவி ஓர் அபலை. அவளது கண்ணீர்—'

[அடித்துவிட்டேன். அபலை என்று எழுதினது தெரிந்தால் அந்தம்மா நூல் முறுக்கிப் பிழிகிற கழியோடு ஆபீசுக்கு வருவார்.]

கடைசியில் இது கிடைத்தது:

'ஒரு ஊரில் இரண்டு காளைகள் ரோஜா நிறத்தில் இருந்தன.'

இதை வைத்துக்கொள்வோம். கற்பனை மாதிரி இருக்கிறது, நடந்தது இதுதான்.

எங்கள் சாக்கடை மூன்று தெருக்களின் கழிவு நீரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள ஓடையில் போய்ச் சேர வேண்டும். சேர்வதில்லை. சேர்மனின் வாழைத் தோப்பை ஒட்டிய குட்டையில் போய் நின்றுவிடுகிறது.* அந்த வாழை ஒவ்வொன்றும் யானைக்கால் தடிமன்.

(*பிளானில் கோடு நேராகத்தான் போட்டிருந்தது. தரையில் வெட்டும்போது வளைந்துவிட்டது. தரையின் குற்றம்.)

சேர்மனிடம் பால் வெள்ளையில் ஒரு ஜோடிக் காளை. திருச்செங்கோட்டுத் தேருக்கு அந்த ஜோடியை வில்வண்டியில் பூட்டிக்கொண்டு போவது அவருக்கு வருஷா வருஷம் ஒரு பெருமை. இந்த வருஷம் தேருக்கு முந்தின நாள் வெயில் தாங்காமல் இரண்டும் குட்டையில் இறங்கி வயிறு வரைக்கும் நின்றுவிட்டன. சாயங்காலம் கரையேறியபோது மேலே வெள்ளை, கீழே ரோஜா. சவுக்காரம் போட்டுத் தேய்த்ததில் ரோஜா இன்னும் எடுப்பாக வந்தது.

வேறு காளை இல்லை. அதையே பூட்டிக்கொண்டு போனார். தேர் வீதியில் எருமப்பட்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ரொம்பப் பணிவாகக் கேட்டாராம்:

"ஏனுங்க, மாட்டுக்கு நலுங்கு வெச்சீங்களா? பொண்ணு எந்த ஊருங்க?"

சேர்மன் தேர் வடத்தைத் தொடாமலே ஊர் திரும்பினார். மூன்றாம் நாள் தீர்மானம் வந்தது: தொழில் செய்கிற எவரும் பொதுச் சாக்கடையில் நீர் விட வேண்டுமானால் இனி முனிசிபாலிட்டியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். காரணம், பொதுஜன ஆரோக்கியம்.

3

ஊரில் சாயப் பட்டறை ஒன்றே ஒன்று. ஷம்ஷாத் பீவியுடையது. புருஷன் போனபிறகு நாலு வருஷமாக அவரே நடத்துகிறார். மல்லசமுத்திரம் வரைக்கும் தறிக்காரர்களுக்குச் சிவப்பு நூல் இங்கிருந்துதான். அண்டாவில் சாயம் காய்ச்சி, நூலை முக்கி, பிழிந்து, உலர்த்துகிறவர்கள் எட்டுப் பெண்கள். அலசின தண்ணீர் சின்ன வாய்க்கால் வழியாகச் சாக்கடைக்குப் போகும்.

லைசென்ஸ் காகிதத்தை வாங்க அவர் ஆபீசுக்கு வந்தார். வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்குமேல் இழுத்து விட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றார். கூடவே பட்டறையில் மூத்த வேலைக்காரி குப்பாயி. இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு. காகிதத்தில் ஆறு நிபந்தனைகள். நான் படித்துக் காட்டினேன். மூன்று வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"நாலு. வெளியேறும் நீர் நிறமற்றும், மணமற்றும், குடிக்கத் தகுந்ததாகவும் இருத்தல் வேண்டும்."

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

"குடிக்கத் தகுந்ததாவா?"

"ஆமாம்மா."

"ஏனுங்க, நான் சாக்கடைக்குத்தானுங்களே உடறேன்?"

"ஆமாம்மா."

"சாக்கடையில ஆருங்க குடிக்கிறாங்க?"

'சேர்மன் மாடு' என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. நல்ல பதிலெல்லாம் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வரும். "சட்டம்மா" என்றேன்.

குப்பாயி குறுக்கே புகுந்தாள். "சாமி, எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணியே அப்படி இருக்காதுங்களே! அதையும் மூடிப் போடுவீங்களா?"

"நீ சும்மா இரு, குப்பாயி" என்றார் ஷம்ஷாத் பீவி. "மேல படிங்க."

ஐந்தாவதைப் படித்தேன். ஆறாவது: "மேற்படி நீரை நன்கு கழுவிய பாட்டில்களில் அடைத்து, அதிகாரிகள் கேட்கும்போது காட்ட வேண்டும்."

"பாட்டில்லயா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னை. "இதை எழுதினது ஆருங்க?"

"ஆபீஸ்" என்றேன்.

[இந்தப் பதிலை இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள்.]

பதினைந்து நாள் தவணை. அதற்குள் நாலாவது நிபந்தனைப்படி தண்ணீர் வராவிட்டால் பட்டறைக்கு சீல்.

4

கதை என்றால் வில்லன் வேண்டும். சுகாதார இன்ஸ்பெக்டர் அர்த்தநாரியை அதற்குத்தான் வைத்திருந்தேன். பதவிக்கு ஏற்ற ஆள்: காக்கி நிஜார், சைக்கிள், சட்டைப் பையில் சீல் வைக்கிற அரக்கு.

'அர்த்தநாரியின் இதழ்களில் கொடூரமான புன்னகை—'

[இல்லை. அவருக்கு மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. சிரிக்கவே கூச்சப்படுவார்.]

அவரை எவ்வளவு நேரம் கெட்டவராக வைத்துப் பார்த்தும் நிற்கமாட்டேன் என்கிறார். பட்டறைக்குச் சோதனைக்குப் போனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறார். ஏனய்யா என்று கேட்டேன். "அடுப்பு எரியற எடமுங்க. செருப்போட எப்படிப் போறது?" என்றார். சமையலறைக்கும் சாய அடுப்புக்கும் வித்தியாசம் பார்க்காதவரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதையை ஓட்டுவது?

அவர் கண்ணாடித் தம்ளரோடு மூன்று தடவை போனார். ஷம்ஷாத் பீவி அதற்குள் மூன்று குழி வெட்டியிருந்தார். ஒன்றில் மணல், ஒன்றில் கரி, ஒன்றில் சுண்ணாம்பு. முதல் தடவை தம்ளரில் ரத்தச் சிவப்பு. இரண்டாம் தடவை தேத்தண்ணி. மூன்றாம் தடவை லேசான ரோஜா. அதற்கு மேல் வெளுக்கவில்லை. குழியில் தண்ணீர் வடிகிற வரைக்கும் அடுத்த அண்டா ஏற்ற முடியாது, வேலை பாதியாகிவிட்டது. எட்டுப் பெண்களில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

"பத்து நாளாச்சுங்க" என்றார் அர்த்தநாரி என்னிடம். "மனுசங்களால ஆகறதையெல்லாம் அந்தம்மா பண்ணிருச்சு. தண்ணிதான் கேக்க மாட்டேங்குது. அந்த நாலாவதைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி நீங்க ஒரு குறிப்பு எழுதக் கூடாதுங்களா?"

"கவுன்சில் தீர்மானம். நான் யார் எழுத?" என்றேன்.

இந்த இடத்தில் யார் வில்லன் என்ற சந்தேகம் உங்களுக்கு வந்தால், அதை அடக்கிக்கொள்ளுங்கள். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

5

நிபந்தனைகளை அங்கீகரித்த அன்று கவுன்சிலர் ஒருவராவது அவற்றைப் படித்தாரா என்று கேட்பீர்கள். அன்று கூட்டத்தில் மைசூர்பாகு வந்திருந்தது.

படிக்காமல் கையெழுத்துப் போட்டதில் தப்பில்லை. உலகமே அப்படித்தான் நடக்கிறது. ஆனால் போட்டபிறகு படித்துவிட்டார்கள். அதுதான் ஆபத்து. 'குடிக்கத் தகுந்த' என்ற இடத்தில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதா, இல்லை இதைத்தான் நினைத்தோம் என்று சாதிப்பதா? சேர்மன் எழுந்தார்.

"நிறமற்ற நீர்! அதுவே நமது லட்சியம்! இங்கிலாந்து தேசத்தில்கூட இப்படியொரு சட்டம் கிடையாது!"

அது உண்மைதான்.

அந்தப் பேச்சின் பிரதியைச் சேலத்து மேலதிகாரிகளுக்கு அனுப்பினோம். 'கிடைத்தது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கவுன்சில் ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். ஆக, நாலாவது நிபந்தனை இப்போது சுவரில் ஏறிவிட்டது. இறக்க முடியாது.

6

இனி போன வியாழக்கிழமை. தவணை முடிந்த நாள்.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெளியே கண்ணாடி உரசுகிற சத்தம் கேட்டது. குப்பாயியும் இன்னொருத்தியும் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார்கள். உள்ளே இரண்டு டஜன் கோலி சோடா பாட்டில். ஒவ்வொன்றிலும் ரோஜா நிறத் தண்ணீர், கழுத்தில் கோலி. பின்னாலேயே ஷம்ஷாத் பீவி.

"என்ன இது?" என்றார் சேர்மன்.

"ஆறாவது நிபந்தனைங்க. நல்லாக் கழுவின பாட்டிலு. எங்க தெரு சோடாக்காரர் பஷீர் அகமது பாய்கிட்ட கேட்டு வாங்கி, கேஸும் அவருகிட்டயே அடைச்சேன்."

"கலர் சோடாவாட்டவே இருக்குதே!" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். சேர்மன் மேஜையைத் தட்டினார்.

"நிறம் இருக்கிறது! நாலாவது நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது!"

"நிறம் இருக்குதுங்க. இல்லீன்னு சொல்லல. மணம் இல்லீங்க, மோந்து பாருங்க. பாக்கி இருக்கறது குடிக்கத் தகுமாங்கறது." ஒரு பாட்டிலை எடுத்து, கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளினார். பாட்டிலைச் சேர்மன் முன்னால் வைத்தார். "உங்க சட்டமுங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சேர்மன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஷம்ஷாத் பீவி தணிந்த குரலில் பேசினார். இந்த முறை கேலி இல்லை.

"அஞ்சு பொம்பளைங்க இன்னும் என் பட்டறையில நிக்கிறாங்க. மூணு பேரு வெளிய நிக்கிறாங்க. சீல் வெச்சா எட்டுப் பேரும் வெளியதானுங்க. இந்த நாலாவது எனக்குப் புரியல. உங்களுக்குப் புரிஞ்சிருந்தா சொல்லுங்க, போயிடறேன்."

கவுன்சிலர்கள் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவர் மூலையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. தெரிந்துகொண்டவர் பார்க்கிற பார்வை.

"எழுதினவங்களுக்குத் தெரியுமுங்க."

அவ்வளவுதான். நான் பேனாவை மையில் முக்கினேன். பேனாவில் ஏற்கெனவே மை இருந்தது.

விஷயம் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று லைசென்ஸ், இல்லாவிட்டால் சீல்.

7

இன்று ஞாயிறு. முடிவுக்கு மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: சேர்மன் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடிக்கிறார். மனம் மாறுகிறது. லைசென்ஸ் கிடைக்கிறது. [அவர் உதடு ரோஜா நிறமாகிறது என்று ஒரு வரி எழுதினேன். நன்றாக இருந்தது. ஆனால் அவர் குடிக்க மாட்டார். அந்தத் தண்ணீர் காளைகளை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியும்.]

இரண்டாவது: அர்த்தநாரி அரக்கைச் சாக்கடையில் எறிந்துவிட்டு வேலையை ராஜினாமா செய்கிறார். [அவருக்கு நாலு பெண் குழந்தைகள். எறிய மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சீல் வைப்பார்.]

மூன்றாவது: யாரோ ஒருவர் எழுந்து நின்று, "ஐயா, இந்த நாலாவது நிபந்தனை—"

[இதை முடிக்கவில்லை.]

மத்தியானம் வெயிலுக்குப் பஷீர் அகமது கடையில் ஒரு சோடா குடித்தேன். அவர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பயப்படாமக் குடிங்க. லைசென்ஸ் இருக்குதுங்க. அந்தம்மாவும் அதை வாங்கிப் படிச்சுட்டுத்தான் பாட்டில் கேட்டாங்க."

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லிச் சொல்லிக் கேக்கற எடமா அது? எழுதினவரே சொன்னாத்தானே கவுன்சில்ல எடுபடும்னாங்க. வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்தாங்க. நாளைக்கும் பொறுப்பாங்களாம்."

பாதி சோடாவோடு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வரிக் குறிப்பு எழுதினால் போதும். எழுதினால் கவுன்சில் முழுக்கச் சிரிக்கும். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அதில் கையெழுத்துப் போட்டவர்கள் தாங்களே என்பது நினைவுக்கு வந்து, என்னை வீட்டுக்கு அனுப்பும். எழுதாவிட்டால் எட்டுப் பேர் வீட்டுக்குப் போவார்கள். கணக்கு எனக்கும் தெரிகிறது. அந்த ஒரு வரியை எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். கை இந்தக் கதையை எழுதியது. நாய் விண்ணப்பத்தில் பதினோரு தாள் தீர்ந்துவிட்டது. ஒரு தாள் பாக்கி.

முடிவை உங்களிடம் விடுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டம். நீங்கள் வேண்டுமானால் என்னை எழுந்து நிற்க வைத்துப் பாருங்கள். நானும் இங்கிருந்து முயற்சி செய்கிறேன். நிற்க வைத்தால் சொல்ல வேண்டியது இதுதான்:

தீர்மானம் வந்த அன்று எனக்குப் பசி. சாக்கடை லைசென்ஸுக்கு மாதிரி எதுவும் ஆபீசில் இல்லை. மேஜை இழுப்பறையில் மேலாகக் கிடந்த ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, அப்படியே பார்த்து எழுதினேன். அது பஷீர் அகமதுவின் சோடாக் கம்பெனி லைசென்ஸ்.